அந்தோணியார் கட்டிய தவணை

வால்தெமிலா,
ஜனவரி 19, வெள்ளி

சரகோசா மாநகரத்தின் ஆடிட்டரும், என் மனைவியின் ஒரே தம்பியும், எதைக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லும் வழக்கமுடையவருமான மதிப்பிற்குரிய மைத்துனர் எலாதியோ அவர்களுக்கு,

காசியானோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா பெனிதாவும் நாய் திராஸ்தோவும் சுகம். அங்கே உங்கள் மனைவியும், உங்கள் முதுகுவலியும், உங்கள் புதுக் காரும் அவரவர் நிலையில் நன்றாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இந்த வருஷம் பன்றி வெட்டி சாசேஜ் போட்டாகிவிட்டது. உங்கள் பங்கு ஆறு சரம் மாடியில் தொங்குகிறது. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து அது உங்கள் வீட்டுக்கு வரும், அல்லது திராஸ்தோவின் தட்டுக்குப் போகும். நான் 'நீங்கள்' போட்டு எழுதுவதைப் பார்த்து வியக்க வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஏப்ரலில் டைல்ஸ் தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு நான் ஏழு மாதம் சோபாவில் இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் சூளைக்கு முன்னால் நின்றவனுக்கு உட்கார்வது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள், திராஸ்தோ வழி தெரியாமல் கதவில் முட்டிக்கொள்கிறானே என்று அவன் கண்ணை மறைத்த முடியைக் கத்தரித்து விட்டேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் நாயைக் கொண்டுவந்தாள், அவள் தங்கை தன்னுடையதைக் கொண்டுவந்தாள், நாலாவது நாள் வாசலில் வரிசை. அப்படிப் பிறந்ததுதான் ஊர் ஊராகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் வேன். மீன் விற்றவரிடமிருந்து அந்தப் பழைய வேனை வாங்கினேன். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. அதனால் நான் எந்தத் தெருவில் திரும்பினாலும் நாய்கள் தாமாகவே பின்னால் வருகின்றன, விளம்பரச் செலவு மிச்சம்.

ஜனவரி பதினேழு வனத்து அந்தோணியார் திருநாள் என்பதையும், அன்று ஊரில் உள்ள நாய், கழுதை, கோழி எல்லாம் ஆசீர்வாதத்துக்குக் கோயிலுக்கு வரும் என்பதையும், முந்தின வாரம் எந்த வீட்டிலும் அழுக்கு நாயை வைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வாரம் கைக்கு வந்தால் என் தொழில் நிற்கும், தவறினால் நான் மறுபடி சோபா. அதற்கு டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து சுயதொழில் பதிவு வேண்டும். அப்போது நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "வரி, சமூகப் பாதுகாப்பு நிதி எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் மச்சான். மாசத் தவணையும் மூணு மாசத்துக்கொருதரம் வரியும் எந்த பேங்க் கணக்குலேர்ந்து எடுக்கணும்னு ஒரே ஒரு நம்பர் குடுங்க. முப்பதாம் தேதி பதினொரு மணிக்குள்ள. அஞ்சு நிமிஷ வேலை!"

அந்த ஐந்து நிமிஷம் இன்றோடு ஒன்பது வாரமாகிறது.

எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. பெயர் இரண்டு பேருடையது, புத்தகம் உங்கள் அக்காவுடையது. என் சம்பளம் இருபத்தெட்டு வருஷமும் அதில்தான் விழுந்தது, அதன் நம்பர் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தொழில் என்னுடையதென்றால் கணக்கும் என்னுடையதாக இருக்க வேண்டாமா? அரசாங்கம் என்னைத் தேடி வந்தால் என் வாசலில் அல்லவா மணி அடிக்க வேண்டும்? அதனால் தனிக் கணக்கு தேடிப் புறப்பட்டேன். பெனிதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

முதலில் மகள் மிரெயா சொன்ன பேங்க். அதற்குக் கட்டடமே கிடையாது, எல்லாம் போனுக்குள். கட்டணமில்லை, கையெழுத்தில்லை, முகத்தைக் காட்டினால் போதும் என்றாள். சமையலறையில் நின்று முகத்தைக் காட்டினேன். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண் சிமிட்டு என்று போன் கட்டளையிட்டது. எல்லாம் செய்தேன். "ஒரு முகம் மட்டும் தெரிய வேண்டும்" என்றது. திரும்பிப் பார்த்தால் திராஸ்தோ நாற்காலிமேல் ஏறி என் தோளுக்குப் பின்னால் நின்று அவனும் இடது வலது திரும்பிக்கொண்டிருக்கிறான். நான்காவது முயற்சியில் கணக்கு திறந்தது, பீச் பழ நிறத்தில் அழகான அட்டையும் தபாலில் வந்தது. உடனே நம்பரை உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? "இது வெளிநாட்டு பேங்க் மச்சான். வரி ஆபீஸ் லிஸ்ட்ல இல்ல. அவங்க ஏத்துக்கற பேங்க்தான் வேணும், நான் சொல்லலையா?" சொல்லவில்லை. ஒரு வாரம் போயிற்று. அந்த அட்டையால் இப்போது வேன் கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்டுகிறேன், அதற்கு மிக நன்றாக இருக்கிறது.

அடுத்து சதுக்கத்தில் இருக்கும் பெரிய பேங்க். மேனேஜர் குமெர்சிந்தோவை உங்களுக்குத் தெரியும், பள்ளியில் உங்கள் பென்சிலைக் கடன் வாங்கித் திருப்பித் தராதவர். எனக்குக் காபி கொடுத்தார். காபி குடித்து முடிப்பதற்குள் எனக்கு ஆயுள் காப்பீடு, வீட்டுக்குக் காப்பீடு, திருடன் வந்தால் அலறும் மணி, பல் காப்பீடு எல்லாம் மேஜைமேல் வந்துவிட்டன.

"பல் காப்பீடு எதுக்கு குமெர்சிந்தோ? எனக்கு மேல் வரிசை பூராவும் செட்டுப் பல்லு," என்றேன்.

"கீழ் வரிசையை நினைச்சுப் பாருங்க," என்றார் அவர். "இவ்வளவும் எடுத்தா கணக்குக்குக் கட்டணமே கிடையாது. மாசம் ரெண்டு தடவை அட்டையில எதாச்சும் வாங்கணும், அவ்வளவுதான். போதாததுக்கு ஒரு பரிசும் உண்டு."

பரிசு என்றதும் நான் கொஞ்சம் சபலப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நம் காலத்தில் கணக்கு திறந்தால் உலர்த்திய பன்றித் தொடை முழுசாக ஒன்று கொடுப்பார்களே, அந்த ஞாபகம். அவர் உள்ளே போய் எடுத்துவந்தது, தொடையை மாட்டிவைத்துச் சீவும் மரத்தாங்கி. தொடை எங்கே என்று கேட்டேன். "அது போன வருஷத் திட்டம்," என்றார். எழுந்து வந்துவிட்டேன். கட்டணமில்லாத கணக்குக்காக மாசம் நூற்றிருபது யூரோ கட்ட எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை.

மிஞ்சியது கிராமக் கூட்டுறவு பேங்க். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும் திறந்திருக்கும், உள்ளே ஒப்துலியா ஒருத்திதான். அங்கே வரும் பென்ஷன்காரர்களுக்குக் காது கேட்காததால் அவள் எல்லோருடைய இருப்பையும் கத்தித்தான் சொல்வாள், ஊரில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கிளிகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் வரி ஆபீஸ் லிஸ்டில் அந்த பேங்க் இருக்கிறது. நவம்பர் முப்பது வியாழக்கிழமை. எனக்கு முன்னால் பதினாலு பேர். என் முறை வந்து, ஒப்துலியா கணக்கைத் திறந்து, நம்பர் அச்சாகி வருவதற்கும் நீங்கள் போன் செய்வதற்கும் சரியாக இருந்தது. "மச்சான், மணி பத்து அம்பத்தஞ்சு! நம்பர்! சீக்கிரம்!" காகிதம் கையில் இருக்கிறது, கண்ணாடி வேனில் இருக்கிறது. எதிரே எழுத்தெல்லாம் எறும்பு. அப்போது கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், என் வாய் தானாகத் திறந்தது. இருபத்துநாலு இலக்கத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நடுவில் பார்த்தால் வரிசையில் நின்ற கிழவர்களும் என்னோடு சேர்ந்து சொல்கிறார்கள்! கடைசி நாலு இலக்கத்தை, பதினேழு, பூஜ்யம் ஒன்று என்று எல்லோரும் கோரஸாகச் சொல்லி முடித்தோம். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய் அன்று மாலை உங்கள் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று போனையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

டிசம்பர் முழுக்க வேலை. ஜனவரி ஒன்பதாம் தேதி, திருவிழாக் கமிட்டியின் பொருளாளர் என்ற முறையில், திருநாள் மாலையில் மூட்டும் அந்தோணியார் தீக்குண்டத்துக்கு ஒயினும் விறகும் வாங்கப் பணம் எடுக்க ஒப்துலியாவிடம் கமிட்டிப் புத்தகத்தை நீட்டினேன். கோடையில் வாணவேடிக்கை விட்ட பிறகு அதில் நூற்றுப் பதினாலு யூரோ மிஞ்சியிருந்தது. "இருபத்திமூணு யூரோ!" என்று கத்தினாள். வருஷத்தின் கடைசி நாளில் தொண்ணூற்றொரு யூரோ போயிருக்கிறது. அப்போதுதான் புரிந்தது மச்சான். என் சொந்த நம்பர் எதையும் நான் மனப்பாடம் செய்ததே இல்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு திருவிழாச் சுவரொட்டியின் அடியிலும் 'நன்கொடை அனுப்ப வேண்டிய கணக்கு' என்று என் கையால் எழுதி எழுதி, எனக்கும் ஊருக்கும் மனப்பாடமான நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்தோணியாரின் கணக்கு. அவர் திருநாள் தேதியிலேயே முடிகிற கணக்கு. என் சமூகப் பாதுகாப்புத் தவணையை அந்தோணியார் கட்டிவிட்டார்! இதில் இன்னொன்றும் கேட்க வேண்டும். முதல் வருஷம் சலுகை, எண்பத்தேழுதான் என்று சொன்னீர்களே, தொண்ணூற்றொன்று எடுத்திருக்கிறார்களே, அந்த நாலு யூரோ எதற்கு? அதற்கு மட்டுமாவது பதில் எழுதவும்.

மூன்று இரவு தூக்கமில்லை. பணம் பெரிதில்லை, தொண்ணூற்றொன்றை அன்றைக்கே என் கையிலிருந்து கட்டிவிட்டேன். ஆனால் பொருளாளர் சாமி காசில் கைவைத்தான் என்று ஒருவன் வாயில் வந்தால் என் நாய்க்குக்கூட நான் முகம் காட்ட முடியாது. வெள்ளிக்கிழமை பாரில் கமிட்டி கூடியது. ஊரே வந்திருந்தது, உங்கள் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில். யாரும் கேட்பதற்குமுன் நானே எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்போ, பென்ஷன் அந்தோணியாருக்குத்தான் வருமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவருக்கு வயசு ஆயிரத்து எழுநூறு தாண்டிருச்சு. பாக்கியோட வாங்கிரலாம்," என்றார் இன்னொருவர்.

பார் குலுங்கியது. கமிட்டித் தலைவர் ரொகேலியோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேக்கரிக்காரர், விடிவதற்குமுன் எழுகிறவர், மாலையில் சிரிக்கமாட்டார். "காசியானோ, காசைத் திருப்பிக் கட்டிட்ட, சரி. ஆனா சாமிகிட்ட யாரு கணக்கு முடிக்கறது?" என்றார்.

அப்போது எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "நான் முடிக்கறேன்!" என்றேன். "பதினேழாம் தேதி அவர் வாசலுக்கு வர்ற ஒவ்வொரு பிராணியையும் நான் குளிப்பாட்டி அனுப்பறேன். ஒரு காசு வேணாம். நாய், ஆடு, கழுதை, எது வந்தாலும் சரி!"

"என் அல்மிரான்தேயையுமா?" என்றார் ரொகேலியோ. அது அவருடைய காவல் நாய். எழுபது கிலோ. பிறந்ததிலிருந்து மழையில் தவிர நனைந்ததில்லை.

"அவனைத்தான் முதல்ல," என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும் மச்சான். ('நீ' என்று வந்துவிட்டது. வரட்டும். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.) நாலு நாள். நாற்பத்துமூன்று பிராணிகள். அல்மிரான்தேயைக் குளிப்பாட்ட வேனின் முன்பக்கம் நான், பின்பக்கம் ரொகேலியோ, நடுவில் சோப்பு. டிரையர் போட்டதும் அவன் இரண்டு மடங்கு பெருத்து, வேன் கதவு வழியாக வெளியே வரமுடியாமல் நின்றான். கழுதையின் வாலைப் பின்னிவிட்டேன். ஒரு வாத்து வந்தது, அதற்கு என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டு அதுவே போய்விட்டது. டிரையர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் கொஞ்சம் பாடவும் செய்தேன். கை வெந்துவிட்டது, முதுகு போய்விட்டது, இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வருஷமும் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதினேழாம் தேதி காலை கோயில் வாசலில் நாற்பத்துமூன்றும் பளபளவென்று, லாவெண்டர் மணக்க, வரிசையாக நின்றன. பாதிரியார் வெளியே வந்து ஒரு கணம் ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று திகைத்தார். பிறகு ஜெபம் சொல்லி, புனித நீரை எடுத்துத் தெளித்தாரே, அங்கேதான் வந்தது வினை. நாலு நாளாக என் கையில் நனைந்த பிராணிகள் அல்லவா? முதல் துளி பட்டதும் அல்மிரான்தே "மறுபடியுமா!" என்கிற மாதிரி ஒரு குரைப்பு குரைத்துவிட்டு ஓட்டமெடுத்தான். அவன் பின்னால் நாற்பத்திரண்டும். கோயிலை மூன்று தடவை சுற்றி வருவது வழக்கம், ஊர்வலமாக அரை மணி ஆகும். இந்த வருஷம் மூன்று சுற்றும் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கழுதைதான் முதலில் வந்தது. வாத்தைப் பாதிரியார் தன் அங்கிக்குள்ளிருந்து எடுத்தார். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது, மாலையில் தீக்குண்டத்தைச் சுற்றி ஆளுக்கொரு பாட்டில் ஒயின் அவரவரே கொண்டுவந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கேயே என்னைப் பிடித்து இருபத்தாறு நாய்களுக்குத் தேதி வாங்கிவிட்டார்கள். ரொகேலியோவின் பெருந்தன்மையையும் குறிப்பிட வேண்டும். அன்றைக்கு மறுநாளிலிருந்து என்னிடம் ரொட்டிக்குக் காசே வாங்குவதில்லை. என் முகத்தைக்கூட நேராகப் பார்க்க மாட்டேன் என்கிறார், அவ்வளவு மன்னித்துவிட்டார்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். முப்பத்தொன்றாம் தேதி வருவதற்குள் அந்த நம்பரை மாற்றிவிடு, இல்லாவிட்டால் ஜனவரித் தவணையையும் அந்தோணியார் கட்டவேண்டி வரும், ஊரில் கழுவ இனிப் பிராணி மிச்சமில்லை. ஒப்துலியா திறந்து கொடுத்த என் சொந்தக் கணக்கின் நம்பரை ஒரு வாரமாக உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டேன். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் தனித்தாளில் முழுசாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினேழு, பூஜ்யம் ஒன்று என்று முடிகிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்.

உன் வீட்டில் எல்லோருக்கும் அந்தோணியாரின் ஆசி உண்டாகட்டும், உன் முதுகு நேராகட்டும், உன் வாடிக்கையாளர்களுக்கு நல்ல ஞாபகசக்தி கிடைக்கட்டும். சாசேஜ் உனக்குத்தான். நாளைக்குப் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

என்றும் அன்புள்ள,
காசியானோ,
சுயதொழில் செய்பவர்

பின்குறிப்பு: டேய் தம்பி, இதை எழுதுவது உன் அக்கா பெனிதா. கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் நாய் கழுவப் போயிருக்கிறார். தனித்தாளில் இருப்பதும் அந்தோணியார் நம்பரேதான், அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். நீ எதையும் மாற்றாதே. அவர் நம்பரை ஒப்பித்த அன்றைக்குக் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்று உனக்கு போனில் சொன்னேனே, எங்கள் வீட்டுக் கணக்கு, அதுவே இருக்கட்டும். எண்பத்தேழு யூரோ அதிலிருந்துதான் போனது, சீட்டு என்னிடம் இருக்கிறது. அந்தோணியாரிடம் யாரும் காலணாகூட எடுக்கவில்லை. தொண்ணூற்றொன்று என்பது வாணவேடிக்கைக் காப்பீட்டைப் புதுப்பித்த பணம், ஒப்துலியாவிடம் கேட்டு அந்தச் சீட்டையும் வாங்கிவைத்தேன். போன வருஷம் அதில் கையெழுத்துப் போட்டு மறந்துபோனவர் ரொகேலியோ. திருநாள் முடிந்த மறுநாள் பேக்கரிக்குப் போய் அவரிடம் காப்பீட்டுச் சீட்டைக் காட்டினேன். மாவைவிட வெளுத்துப்போனார். இனி ரொட்டி இலவசம், பேச்சு வேண்டாம் என்று முடித்துக்கொண்டோம்.

பாரில் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இரண்டு சீட்டும் என் கைப்பையில்தான் இருந்தன. ரொகேலியோ அப்படிக் கேட்டதும் பையைத் திறக்கக் கை வைத்தேன். அதற்குள் இவர் எழுந்து "நான் முடிக்கறேன்" என்றார். ஏழு மாதம் சோபாவில் கிடந்த மனுஷன், அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். பையை மூடிவிட்டேன். அப்புறம் நாலு நாளும் வேனுக்குள்ளிருந்து பாட்டு. டிரையர் சத்தத்தில் கேட்காதாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. ஈஸ்டருக்கு நீ வரும்போது நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை உனக்கு ஒரே ஒரு வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் உன்னால் முடியுமா என்று பார்க்கிறேன்.